வைர பரும் வண்ணப் பட்டையும்

பல் சிகிச்சையில் பல்லைச் சீவ உதவும், வைரத் துகள் பதித்த சிறு சுழல்முனைதான் வைர பர். அதைக் கையில் எடுத்ததும் நான் முதலில் பார்ப்பது அதன் தண்டில் உள்ள வண்ணப் பட்டையைத்தான். பச்சை சொரசொரப்பானது, எனாமலை விரைவாகக் குறைக்கும். நீலம் நடுத்தரம். சிவப்பும் மஞ்சளும் நுண்மையானவை. கிரவுனுக்காக (பல்லின் மேல் பொருத்தும் உறை) சீவிய பல்லின் விளிம்பை மென்மையாக்க எனக்கு இவைதான் வேண்டும்.

தேய்ந்த பரை அழுத்தி ஓட்டுவதை மட்டும் என்னால் ஏற்கவே முடியாது. ஏரோட்டரில் (காற்றழுத்தத்தால் பரைச் சுழற்றும் கைக்கருவி) அது நிமிடத்திற்கு 3 லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. நிக்கல் பூச்சில் பதிந்த வைரத் துகள்கள் உதிர்ந்துவிட்டால், பர் பல்லைச் சீவுவதை விட்டு உரசிச் சூடேற்றத் தொடங்கும். பல்லின் உள்ளே இருப்பது நரம்பும் ரத்தக்குழாயும் கொண்ட உயிருள்ள பற்கூழ்! அந்தச் சூட்டில் அது செத்துப்போகலாம்.

பழைய பரைத் தயங்காமல் எறியுங்கள். தண்ணீர்ச் சாரல் பரின் முனையில் விழுகிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். உலோகக் கிரவுனை அறுக்க வேண்டுமானால், வைர பருக்குப் பதிலாக, கடினமான டங்ஸ்டன் கார்பைடால் ஆன கார்பைடு பரை எடுங்கள்.