ஆயில் ஃபில்டரில் காந்தம்: இதுவரை மூன்று முயற்சி

முதல் முயற்சி காரில். காசு அளவுக்கு வட்டமான, சக்தி அதிகமுள்ள ஆறு நியோடிமியம் காந்தங்களை ஆயில் ஃபில்டர் டப்பாவின் வெளிப்பக்கம் ஒட்டவைத்தேன். பசை, டேப் எதுவும் வேண்டாம், தானே கப்பென்று பிடித்துக்கொள்கிறது. டப்பா வகை ஃபில்டரில் ஆயில் முதலில் வெளிச்சுவருக்கும் மடிப்புக் காகிதத்துக்கும் நடுவில் இறங்கி, பிறகுதான் காகிதத்துக்குள் போகும். அதனால் காந்தம் உட்காருவது அழுக்குப் பக்கம். காகிதம் 20, 30 மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் உள்ளதை ஓரளவு நன்றாகத் தடுத்துவிடும். அதைவிடப் பொடிசாக இருந்து திரும்பத் திரும்பச் சுற்றிவரும் இரும்புத்தூளைத்தான் பிடிக்க ஆசை.

ஐயாயிரம் கிலோமீட்டர் ஓடியதும் ஃபில்டரைக் கழற்றி ஹேக்ஸா பிளேடால் அறுத்தேன். அங்கேதான் கோட்டை விட்டேன். அறுத்த தூள் அத்தனையும் இரும்பு. நேராகப் போய்க் காந்தம் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது. எது என்ஜினில் தேய்ந்தது, எது நான் தேய்த்தது? கண்டுபிடிக்க வழியே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீண்.

இரண்டாவது முயற்சியும் காரில்தான், ஆனால் இந்த ஃபில்டரை அறுக்கவில்லை. பைப் வெட்டும் கட்டர் மாதிரி சக்கரம் வைத்துச் சுற்றி வெட்டும் கருவி ஒன்றை இரவல் வாங்கினேன். தூளே விழாது. உள்ளே பார்த்தால், காந்தம் இருந்த ஆறு இடத்திலும் உள்சுவரில் வட்ட வட்டமாகக் கறுப்புப் படலம். கையுறை போட்ட விரலால் வழித்தால் மை மாதிரி வழுவழுப்பு, துளிகூட நெருடவில்லை. மற்ற இடமெல்லாம் சுத்தம். வேலை செய்கிறது!

ஆனால் இரண்டு குறை. ஒன்று, டப்பாவின் இரும்புச் சுவரே காந்த விசையில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. காலி டப்பாவுக்குள் குண்டூசியை வைத்துப் பார்த்தேன். தொங்கியது, ஆனால் லேசாகத் தட்டினாலே விழுந்துவிட்டது. இன்னொன்று சூடு. என்னிடம் இருந்தது சாதாரண என்35 ரகம், சுமார் 80 டிகிரி வரைதான் தாங்கும். ஓடும் என்ஜினில் ஆயில் 100 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தொடும். புதிதில் ஒரு காந்தம் 11 சின்ன நட்டுகளைத் தூக்கியது. கழற்றியபின் அதே காந்தம் தூக்கியது 7. இப்போது போட்டிருப்பது எஸ்எச் என்று முடியும் ரகம், 150 டிகிரி தாங்கும்.

மூன்றாவது முயற்சி பைக்கில். கியர், கிளட்ச் எல்லாம் அதே ஆயிலில் மிதப்பதால் இரும்புத்தூளுக்குப் பஞ்சமில்லை. முனையில் காந்தம் அழுத்திப் பொருத்திய ட்ரெயின் போல்ட் (பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் போல்ட்) போட்டேன். இருக்கிற போல்ட்டிலேயே எபாக்ஸி வைத்துக் காந்தத்தை ஒட்டிவிடலாம் என்றார் நண்பர். சூட்டில் பசை விட்டு, பீங்கான் மாதிரி உடையும் அந்தக் காந்தம் கிரேங்க் கேஸுக்குள், அதாவது என்ஜினின் உள்ளே, விழுந்தால் யார் பொறுப்பு? வேண்டாம் சாமி.

முதல் தடவை போல்ட்டைக் கழற்றியபோது முனையில் இரும்புத்தூள் மீசை முளைத்திருந்தது. வெள்ளைத் தாளில் துடைத்துப் பரப்பினேன். எல்லாம் மை, நடுவில் ஒன்று மட்டும் நகம் வெட்டிய துண்டு மாதிரி பளபளவென்று. நெஞ்சு திக்கென்றது. கியர் பல்லின் ஓரத்திலிருந்து உடைந்த துண்டாக இருக்கலாம் என்றார் மெக்கானிக். அடுத்த தடவை துண்டு எதுவும் இல்லை, மீசையும் பாதியாகிவிட்டது.

ஒரு சின்ன வித்தை: வடித்த பழைய ஆயிலில், பிளாஸ்டிக் பைக்குள் போட்ட காந்தத்தை விட்டுக் கலக்கினேன். பையின் வெளியே மெல்லிய சாம்பல் படலம் ஒட்டியது. அதாவது போல்ட் எல்லாவற்றையும் பிடிக்கவில்லை. பைக்குள்ளிருந்து காந்தத்தை உருவினால் தூள் தானாக உதிரும், காந்தத்தைச் சுரண்டி மாளவேண்டியதில்லை.

போல்ட் சுத்தமாக இருக்கிறதே என்று நிம்மதியாகவும் இருக்க முடியாது. பிஸ்டன் அலுமினியம், பேரிங் பூச்சில் இருப்பது செம்பு, ஈயம், வெள்ளீயம், அலுமினியம் போன்றவை. காற்று வழியாக வரும் மண்தூசியும் உண்டு. இவை எதையும் காந்தம் சீண்டாது. அதனால் ஆயில் மாற்றும் கிலோமீட்டரை நீட்டவில்லை, முன்பு போலவேதான்.

பைக்கில் அடுத்த ஆயில் மாற்றம் 21,000 கிலோமீட்டரில். அப்போது போல்ட்டைத் துடைத்த பழைய தாளையும் புதுத் தாளையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுக்கவேண்டும். போன தடவை தாளில் தேதி எழுத மறந்துவிட்டேன்.