லிங்க்ஸை அடி என்று படித்தவன்

வேடசந்தூர் பக்கம் எங்களுக்கு ஒரு துண்டு மானாவாரிக் காடு இருக்கிறது. கிழக்கு வேலி உள்ளே நகர்ந்துவிட்டதாக எனக்கு ரொம்ப நாள் சந்தேகம். பழைய எஃப்எம்பி (நிலத்தின் எல்லையும் அளவும் காட்டும் சர்வே படம்) நகல் ஒன்றை வாங்கிக்கொண்டு, போன ஞாயிறு டேப்போடு போனேன். ஏ என்ற எல்லைக் கல்லிலிருந்து பி கல்லுக்கு 248 என்று போட்டிருந்தது. டேப்பில் 164 அடிகூட வரவில்லை. 84 அடி எங்கே போச்சு? பக்கத்துக் காட்டுக்காரரை மாமா என்று கூப்பிட்டு வளர்ந்தவன், அன்றைக்கு அவரிடமே வாயை விட்டுவிட்டேன்.

அவர் சண்டைக்கு வரவில்லை. ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவரைக் கூட்டிவந்தார். வந்தவர் படத்தைப் பார்த்ததுமே சிரித்துவிட்டார். "தம்பி, இது அடி இல்ல, லிங்க்ஸ்."

அந்தக் காலத்தில் அளந்தது குன்டர் சங்கிலியால். நீளம் 66 அடி, அதில் 100 கண்ணி. ஒரு கண்ணிதான் ஒரு லிங்க், 7.92 அங்குலம். 248 லிங்க்ஸ் என்றால் 163.68 அடி. வேலி இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது!

எதற்கு இந்த வில்லங்கமான அளவு என்று கேட்டேன். நீளத்தையும் அகலத்தையும் லிங்க்ஸில் பெருக்கி 1000ஆல் வகுத்தால் நேராகச் சென்ட் வந்துவிடுமாம். போட்டுப் பார்த்தேன், வருகிறது. (இப்போது ஆன்லைனில் எடுக்கும் படத்தில் மீட்டர். அதையும் அடி என்று படித்துவிடாதீர்கள்.) மூலைக்கு மூலை குறுக்கே ஓடும் ஜி லைனை நான் பழைய வரப்பு என்று நினைத்திருந்தேன். அது அளப்பதற்காகப் போட்ட கோடு, அவ்வளவுதான்.

அப்புறம் 'அ' பதிவேட்டை, அதாவது ஊர் நிலங்களின் வருவாய்க் கணக்கை விரித்தார். 'மண் வயனமும் ரகமும்' என்ற கட்டத்தில் 8-5. எட்டு, செம்மண் வகை. ஐந்து, ரகம், 1 உசத்தி, 5 கடைசி. அந்தக் காலத்தில் தீர்வையை, அதாவது நிலவரியை நிர்ணயித்த செட்டில்மென்ட்காரர்கள் இதை வைத்துத்தான் விளைச்சலையும் விலையையும் கணித்து, சாகுபடிச் செலவைக் கழித்து, மிச்சத்தில் பாதிவரை சர்க்கார் பங்கு என்று தீர்வை போட்டார்கள். ஒருமுறை போட்டால் 30 வருடத்துக்கு அதே தீர்வை. படம், கல், சங்கிலி எல்லாமே அந்த வரிக்காகத்தான்.

சுத்துப்பட்டில் நம்ம காடு மாதிரி மண் கிடையாது என்று சொல்லிச் சொல்லியே என்னை வளர்த்த அப்பத்தாவிடம் போய், கடைசி ரகமாம் என்றேன்.

"தீர்வை கம்மியாப் போடட்டும்னு உங்க பாட்டன்மாரு கல்லுக் கெடந்த மூலையக் காட்டியிருப்பாங்கடா" என்றார்.