புற்றுநோயும் ஒரு மஞ்சள் அட்டையும்

மார்பில் தொடங்கிய புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவி, தண்டுவடத்தை அழுத்தி, என் இடது காலை ஏறக்குறைய முழுதாகவும் வலது காலைப் பாதியாகவும் முடக்கிப் போட்டது. நாலாம் ஸ்டேஜ். ரேடியேஷன் முடிந்ததும் வலி குறைந்தது, காலில் மட்டும் பலம் வரவில்லை. காரைக்குடியில் ஒரு ஜவுளிக் கடையில் பில் போடும் வேலை பார்த்து வந்தேன். அந்த வேலையும் நின்றது, சம்பளமும் நின்றது. அதற்குப் பிறகு எனக்குச் சேர வேண்டியதை எப்படிக் கேட்டு வாங்கினேன், எங்கெங்கே இடித்தது என்பதை எழுதுகிறேன். எங்கள் பக்கம் இதே நிலையில் இருக்கிறவர்கள், "கேன்சருக்கெல்லாம் ஒண்ணும் கிடையாது" என்று யாரோ சொன்னதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்துவிடுகிறார்கள்.

முதலில் ஈ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்குப் பிடிப்பார்களே, அதுதான். உடம்பு முடியாமல் லீவில் இருந்தால் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் தருவார்கள். இது பலருக்கும் தெரியும். நாள்பட்ட நோய்களுக்கென்று தனியாக ஒரு பட்டியல் இருப்பது அவ்வளவாகத் தெரியாது. அதில் 34 நோய்கள் உண்டு, புற்றுநோயும் அதில் ஒன்று. இரண்டு வருடம் விடாமல் வேலை பார்த்துச் சந்தாவும் ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தால் 80 சதவீதம், மொத்தம் இரண்டு வருடம் வரைக்கும் கிடைக்கும். எங்கள் வீட்டில் அரிசி வாங்கியது இந்தப் பணத்தில்தான்.

கடையில், "எழுதிக் கொடுத்துட்டுப் போங்கக்கா, கணக்கை முடிச்சு விட்டுர்றோம்" என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். நான் ராஜினாமா எழுதிக் கொடுக்கவில்லை. நோய்க்காலப் பணம் வாங்கிக்கொண்டிருக்கும் தொழிலாளியை வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று அப்போதிருந்த ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 73-ஆவது பிரிவு சொன்னது. அதைச் சொல்லிச் சண்டை போடவும் இல்லை. நோய்க்காலப் பணம் கேட்கும் படிவம் 9-ஐ நிரப்பி, ஈ.எஸ்.ஐ. டாக்டர் தந்த சர்டிபிகேட்டோடு என் மகள் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். நாமாக எழுதிக் கொடுத்துவிட்டால் அப்புறம் எந்தப் பிரிவும் கைகொடுக்காது.

அடுத்தது மாற்றுத்திறனாளிச் சான்று. என்னை அதிகம் அலைய வைத்தது இதுதான். 2016-ஆம் வருடச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்லியிருக்கிறார்கள். தொழுநோய் குணமானவர்கள் இருக்கிறார்கள், தலசீமியா இருக்கிறது, பார்கின்சன் இருக்கிறது. புற்றுநோய் இல்லை. முதல் தடவை மதிப்பீட்டுக்குப் போனபோது மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என் ஃபைலின் முதல் பக்கத்தை மட்டும் பார்த்தார். "கேன்சர் லிஸ்ட்ல வராதும்மா." கால் வராததைச் சொன்னேன். "ட்ரீட்மென்ட் நடக்குதுல்ல, ஆறு மாசம் கழிச்சு வாங்க, பார்க்கலாம்" என்றார். நாலாம் ஸ்டேஜ்காரியிடம் ஆறு மாசம் கழித்து வா என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும். என் மகள் பதில் சொல்ல வாயெடுத்தாள், நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அந்த ஃபைலை அவர் இடத்தில் உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். எந்த மருந்து, எத்தனை கீமோ, எங்கெங்கே பரவியிருக்கிறது என்று பக்கம் பக்கமாக இருந்தது. காலைப் பற்றி ஒரே ஒரு வரி. அவர்கள் அளக்கப் போவதோ காலை. அடுத்த முறை சிகிச்சைக்குப் போனபோது என் புற்றுநோய் டாக்டரிடம் வேறு மாதிரி ஒரு கடிதம் கேட்டேன். எப்போதிலிருந்து கால் பலமிழந்தது, வாக்கர் பிடித்து எவ்வளவு தூரம் போக முடிகிறது, படி ஏற முடிகிறதா, சிறுநீர் கட்டுப்பாடு எப்படி, எம்.ஆர்.ஐ.யில் தண்டுவடம் எந்த நிலையில் இருக்கிறது, கால் இனி தேறுமா என்பதெல்லாம் அதில் வர வேண்டும் என்றேன். கடைசிக் கேள்விக்கு அவர், "தேறும் என்று எதிர்பார்க்க இயலாது" என்று எழுதினார். படிக்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் வேலை செய்தது அந்த வரிதான். குறைபாடு மாறக்கூடும் என்று டாக்டர்கள் நினைத்தால் காலக்கெடு போட்டுத் தற்காலிகச் சான்று தரலாம் என்றும் விதி இருக்கிறது. ஆறு மாதம் கழித்து வா என்பவர்களிடம் இதை மரியாதையாக ஞாபகப்படுத்தலாம்.

இரண்டாவது மதிப்பீட்டில் எலும்பு டாக்டர் ஒருவர் இருந்தார். நோயைப் பற்றி அவர் ஒன்றுமே கேட்கவில்லை. படுக்க வைத்து, உள்ளங்காலில் கையை வைத்து, "தள்ளுங்க" என்றார். தள்ளினேன். "தள்ளுங்கம்மா" என்றார் மறுபடியும். தள்ளிக்கொண்டுதான் இருந்தேன், அவர் கைக்கு அது தெரியவே இல்லை. முட்டியை மடக்கச் சொன்னார், குதிகாலைத் தூக்கச் சொன்னார், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்ணைச் சொல்ல, பக்கத்தில் இருந்தவர் எழுதிக்கொண்டார். தசையின் பலத்துக்குப் பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை மார்க் போடுவார்களாம். படிக்கிற காலத்திலும் நான் இவ்வளவு குறைவாக வாங்கியதில்லை.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை மஞ்சள் நிறத்தில் வந்தது. குறைபாடு 40 சதவீதத்துக்குக் கீழே என்றால் வெள்ளை, 40-லிருந்து 80-க்குள் மஞ்சள், 80-ம் அதற்கு மேலும் நீலம். எனக்கு 75-ஐத் தொடவில்லை, அதனால் கடும் பாதிப்புக்கான மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகையைக் கேட்க வழியில்லை. வருவாய்த்துறை தருகிற மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்துக்கு 40 சதவீதம் போதும். 2023 ஜனவரியிலிருந்து அது 1,500 ரூபாய். ஈ.எஸ்.ஐ. காலம் முடியப் போகிற சமயத்தில் இ-சேவை மையத்தில் அதற்கு விண்ணப்பம் போட்டோம்.

இங்கேதான் எங்கள் ஊருக்கே உரிய சிக்கல் வந்தது. நாங்கள் இருப்பது பள்ளத்தூரில் ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில். வீட்டுக்காரர்கள் சென்னையில் இருக்கிறார்கள், நாங்கள் விளக்கேற்றி, கூட்டிப் பெருக்கி வீட்டைப் பார்த்துக்கொள்கிறோம். ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் அந்த வீட்டு விலாசம்தான். விசாரிக்க வந்தவர் முகப்பில் பர்மா தேக்குத் தூண்களையும் வளவையும் (உள் முற்றம்) பார்த்துவிட்டு, "இந்த வீட்டுக்கு ஆயிரத்தைந்நூறு ரூபா பென்ஷனா?" என்று சிரித்தார். தெருவாசலிலிருந்து பின்கட்டுக்கு வர இரண்டு கட்டுகளைத் தாண்ட வேண்டும். அவர் வருவதாக இல்லை, நான் போக முடியாது. மகள்தான் நடுவில் ஓடிக்கொண்டிருந்தாள். கடைசியில் சென்னையிலிருக்கும் வீட்டுக்கார ஆச்சிக்குப் போன் போட்டுக் கொடுத்தாள். "அவுக நம்ம வீட்டைப் பார்த்துக்கிறவுகப்பா. உள்ள போயி அவுக இருக்கிற இடத்தைப் பார்த்துட்டு எழுதிக்க" என்றார்கள் ஆச்சி. அவர் உள்ளே வந்து கட்டிலையும் வாக்கரையும் பார்த்தார். அப்புறம் சிரிக்கவில்லை. செட்டிநாட்டில் இப்படி அடுத்தவர் வீட்டுப் பின்கட்டில் இருக்கிறவர்கள், வீட்டுக்காரர் கையெழுத்தோடு ஒரு கடிதத்தை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. வருமானச் சான்றுக்கும் அது உதவும்.

ரயில் சலுகையையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு இந்த அட்டையெல்லாம் தேவையில்லை. புற்றுநோயாளி சிகிச்சைக்கோ பரிசோதனைக்கோ போகும்போது ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் கட்டணமே கிடையாது, துணைக்கு வருபவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. ரயில்வே படிவத்தில் மருத்துவமனைக் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, கவுண்டரில் காட்டி டிக்கெட் எடுக்க வேண்டும். சென்னைக்குச் சேது எக்ஸ்பிரஸில் இப்படித்தான் போய் வந்தோம். ஊனத்தை மதிப்பிட சிவகங்கைக்குப் போனால் இது செல்லாது, அது சிகிச்சை ஆகாதாம். சரி, காரைக்குடிக்கும் சிவகங்கைக்கும் டிக்கெட் விலை அப்படி ஒன்றும் அதிகமில்லை.

இன்னொன்று, யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், அதனால் நானே கேட்டேன். பணம் பாக்கி இருக்கும்போது நான் போய்விட்டால்? ஈ.எஸ்.ஐ. கவுண்டரில் இருந்த தம்பி தலையைக் குனிந்துகொண்டார், மகள் "சும்மா இரும்மா" என்றாள். இறந்த நாள் வரைக்குமான ஈ.எஸ்.ஐ. பணம் நாமினிக்குச் சேரும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. என்னுடைய படிவத்தில் நாமினியாக இருந்தது எங்கள் அம்மா. அம்மா காலமாகிவிட்டார்கள். மகள் முறைத்துக்கொண்டு நின்றாலும், அன்றைக்கே அவள் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.