முகவர்களுக்கு ஆட்சேபம் இல்லை

அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்குத் தேர்தல் பணி புதிதல்ல. வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக அமரும் நாளில் செய்ய வேண்டிய பெரும்பாலானவற்றுக்கு நடைமுறை தெளிவாகவே இருக்கிறது. வேட்பாளர்களின் முகவர்கள் முன்னிலையில் குறைந்தது 50 வாக்குகளைக் கொண்டு மாதிரி வாக்குப்பதிவு நடத்தி, அதை அழித்து, முத்திரையிடுவது தொடங்கி, மாலையில் படிவம் 17சி-யில் பதிவான வாக்குகளின் கணக்கை எழுதிக் கொடுப்பதுவரை கவனம் இருந்தால் போதும். மனசாட்சிக்கு வேலை வருவது, 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளில் 49என் என்னும் விதி ஓர் ஆளாக நம் மேசைமுன் வந்து நிற்கும்போதுதான்.

பார்வையின்மையாலோ உடல் இயலாமையாலோ சின்னத்தை அடையாளம் காணவோ பொத்தானை அழுத்தவோ முடியாதவர், 18 வயது நிறைந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லலாம் என்கிறது அந்த விதி. துணையாள் அன்று வேறெவருக்கும் துணை போகக் கூடாது. வாக்கின் ரகசியம் காப்பதாக உறுதிமொழி தர வேண்டும். விவரம் படிவம் 14ஏ-யில் ஏற வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாமை மட்டுமே இதற்குக் காரணமாகாது. இயலாதவர் யார் என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பு மட்டும் தலைமை அலுவலருடையது.

ஒரு தேர்தலின் முற்பகலில், மூதாட்டி ஒருவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்த உறவினர், “பாட்டிக்குக் கண் தெரியாது சார், நானே போட்டுடறேன்” என்றார். எதிரெதிர்க் கட்சிகளின் முகவர்கள் இருவருமே தங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்றார்கள். வெளியே வரிசை வெயிலில் நின்றது. அனுமதித்திருந்தால் யாரும் ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். படிவமும் பழுதின்றி நிரம்பியிருக்கும். அத்தனை பேர் பேசிய அந்த அறையில் வாக்குக்கு உரியவரிடம் அதுவரை எவரும் எதுவும் கேட்கவில்லை என்பதே என்னை உறுத்தியது.

விளக்கிக் காட்டுவதற்கென வைத்திருந்த அட்டை மாதிரியை அவர்முன் நீட்டி, “இதுல இருக்கிற படம் தெரியுதாம்மா?” என்று கேட்டேன். ஒவ்வொன்றின்மீதும் விரல் வைத்துப் பெயர் சொன்னார். “தெரியுது சாமி, கைதான் நடுங்கும்.” தனியாகப் போகிறீர்களா என்றதற்கு, உறவினரை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையசைத்தார். மறைப்புக்குள் வெகுநேரம் நின்றார். வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. பிறகு நீண்ட பீப் ஒலி கேட்டது.

அந்த உறவினர்மீது எனக்குக் குறை இல்லை. இப்படி வருபவர்களில் பலரைக் கூட்டி வருவது பாசம்தான். சற்றுப் பின்னர், முற்றிலும் பார்வையிழந்த பெரியவர் ஒருவர் பேரனோடு வந்தார். கருவியில் பிரெய்ல் குறிகள் இருப்பதைச் சொன்னேன். பேரனே வரட்டும் என்றார். உறுதிமொழி பெற்று அனுப்பினேன்.

பயிற்சி வகுப்புகளில் கருவிகளை இணைப்பதற்கும் உறைகளுக்கு முத்திரையிடுவதற்கும் பெரும்பொழுது செலவாகிறது. 49என் ஓரிரு வரிகளில் கடந்துபோகிறது. உடன் வந்தவர் பதில் சொல்ல முந்தும்போது முதியவரை எப்படிப் பேச வைப்பது என்பதை அங்கேயே செய்துகாட்ட வேண்டும். புதிதாகப் பொறுப்பேற்கும் ஆசிரியர், வரிசை நெருக்கும் வேளையில் அதை முதன்முதலாக யோசிக்கும்படி விடக் கூடாது.