நாற்பது கிலோ எண்பது ஆன கதை

எட்டு வருடமாக புரோகிராமர் வேலை பார்க்கிறேன். ஆனால் ஒரு முழு ஆப்பை நானே செய்தது போன வருடம்தான். ஆபீசில் ஏபிஐ, அதாவது ஒரு புரோகிராம் இன்னொன்றோடு பேசும் வழி, எழுதுவதோடு என் வேலை முடிந்துவிடும். டேட்டாபேஸ், திரை, சர்வரில் ஏற்றுவது எல்லாம் வேறு ஆட்களின் பாடு.

கோத்தகிரியில் சித்தப்பா, சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலையை எடை போட்டு வாங்கி ஃபேக்டரிக்கு அனுப்புகிறவர். "இந்த நோட்டுக் கணக்கைப் போன்ல போட்டுத் தாயேன்" என்றார். இரண்டு வாரம் போதும் என்றேன். நான்கு மாதம் ஆனது.

முதல் சறுக்கல் டேட்டாபேஸ் டேபிளிலேயே. ஒவ்வொரு எடைக்கும் விலை கட்டாயம் என்று வைத்துவிட்டேன். "விலை இப்பவே எப்படிடா தெரியும்? மாசம் முடியணும்ல" என்று சிரித்தார். தேயிலை வாரியம் மாதாமாதம் விலை அறிவிக்கிற ஊரில் வளர்ந்தவன் நான்! விலைக்குத் தனி டேபிள் வந்தது. மழை நாளில் ஈர இலைக்குக் கழிக்கும் கிலோவுக்கும் ஓர் இடம் ஒதுக்கினேன்.

எடை போடும் இடத்தில் சிக்னல் வந்தால் உண்டு. அதனால் பதிவு முதலில் போனில் உள்ள எஸ்க்யூலைட் என்ற சின்ன டேட்டாபேஸில் சேரும், சிக்னல் கிடைத்ததும் சர்வருக்குப் போகும். மூன்றாம் நாள் ஓர் அக்காவின் நாற்பது கிலோ எண்பதாக நின்றது. சர்வர் வாங்கிக்கொண்டது. ஆனால் அதன் பதில் வருவதற்குள் சிக்னல் போய்விட்டது. போய்ச் சேரவில்லை என்று நினைத்த போன், திரும்ப அனுப்பியிருக்கிறது.

ஒரே ஆள், ஒரே நாள், ஒரே எடை என்றால் இரண்டாவதைத் தள்ளு என்று அவசரமாக எழுதினேன். "ரெண்டு மூட்டையும் இருபது இருபது கிலோவா இருக்கக் கூடாதா?" என்றார் சித்தப்பா. சரி, அதையும் அழித்தேன். கடைசியில், எடை போட்டதும் போனே அந்தப் பதிவுக்கு ஒரு யூயூஐடி, அதாவது வேறு எந்தப் பதிவுக்கும் வராத தனி எண், கொடுத்துவிடும்படி மாற்றினேன். டேட்டாபேஸில் அந்த எண் ஒரு முறைதான் வரலாம். மறுபடி வந்தால் சர்வர் எதையும் கூட்டாமல், "வந்துவிட்டது" என்று மட்டும் சொல்லும். பத்துப் பதினைந்து வரிதான்; அதற்கு ஒரு சனி, ஞாயிறு போனது.

பேக்கப் இரவுதோறும் என் லேப்டாப்புக்கு வருகிறது. அதிலிருந்து டேட்டாபேஸை மீட்டுப் பார்த்தேனா என்றால், இன்னும் இல்லை. சித்தப்பாவும் நோட்டை விடவில்லை. இப்போதைக்கு அதுதான் எங்கள் இரண்டாவது பேக்கப்.