எண்ணெய் இறங்கும் வழி

டர்போ மாட்டிய வண்டியை முதல் முறை ஸ்டார்ட் செய்தபோது எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, கசிவு ஏதும் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். வண்டிக்காரர் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடம் கழித்து சைலன்ஸரிலிருந்து ஒரு நீல இழை எட்டிப் பார்த்தது. புதுக் குழாய்க்குள் ஒட்டியிருந்த பிசுக்கு எரிகிறது, போய்விடும் என்று சொல்லிச் சமாளித்தேன். பத்தாவது நிமிடம் ஒர்க்‌ஷாப்புக்குள் எதிரில் நின்ற ஆளின் முகம் தெரியவில்லை. அவர் வீடியோவை நிறுத்திவிட்டார்.

இரண்டு இருக்கை, 1.8 லிட்டர், நாலு சிலிண்டர் வண்டி அது. டர்போ இல்லாமல் பிறந்த எஞ்சின். கம்ப்ரெஷன் 10க்கு 1, அதாவது சிலிண்டருக்குள் வந்ததைப் பத்தில் ஒரு பங்கு இடத்துக்குள் அழுத்தும். மூன்று வாரம் செலவழித்து அதற்கு வெளியிலிருந்து வாங்கிய டர்போவைப் பொருத்தியிருந்தேன். நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது என்று பொருள். டர்போ மாட்டிய அன்றே புகை வந்தால் யார்தான் டர்போவைச் சந்தேகிக்க மாட்டார்கள்? நானும் அதைத்தான் செய்தேன். சீல் போயிருக்கிறது என்று தீர்ப்பு எழுதி, கழற்றி, அதே மாடலில் வேறொன்றை வரவழைத்து மாட்டினேன். ஸ்டார்ட் செய்தோம். அதே ஐந்து நிமிடம், அதே நீல இழை.

எங்கள் மூத்த மெக்கானிக்கை எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அவர் பக்கத்து வண்டிக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டினார். "டர்போவைப் பார்த்தது போதும் தம்பி. உள்ள போன எண்ணெய் எந்த வழியா வெளிய வருதுன்னு பாரு."

இந்த இடத்தில் டர்போவின் உள்ளே கொஞ்சம் போய்வர வேண்டும். சிலிண்டரிலிருந்து வீணாக வெளியேறும் சூடான புகை ஒரு பக்கச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து அழுத்தி எஞ்சினுக்கு ஊட்டுகிறது. ஆல்ஃபிரட் பியூஷி என்ற சுவிஸ் பொறியாளர் 1905இல் இதற்குக் காப்புரிமை எடுத்தார். கொள்கை அவ்வளவுதான், ஒரு பள்ளிப் பையனுக்கும் விளங்கும். கஷ்டம் அந்தத் தண்டில் இருக்கிறது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். ஒரு பக்கம் 900 டிகிரி புகை, மறுபக்கம் காற்று. நடுவில் அதைத் தாங்கி நிற்பது மெல்லிய எண்ணெய்ப் படலம்.

அந்தச் சூட்டில் ரப்பர் சீல் நிற்காது. அதனால் உள்ளே இருப்பது பிஸ்டன் ரிங் போன்ற ஓர் உலோக வளையம். எண்ணெயை முழுதாக அடைத்து நிறுத்துவது அதன் வேலை அல்ல. இரண்டு பக்கமும் இருக்கும் அழுத்தத்தையும், எண்ணெய் தடையில்லாமல் கீழே இறங்கிவிடுவதையும் நம்பித்தான் அது இருக்கிறது. எண்ணெய் உள்ளே வரும்போது பம்பின் அழுத்தத்தோடு, சன்னமான குழாயில் வருகிறது. வெளியேறும்போது அழுத்தம் கிடையாது. காற்றோடு கலந்து சோப்பு நுரை போல ஆகி, புவியீர்ப்பை மட்டும் நம்பி, எஞ்சினின் அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டியான சம்ப்புக்கு இறங்க வேண்டும். எனவே இறங்கும் குழாய் பெரிதாக இருக்க வேண்டும், முடிந்தவரை செங்குத்தாக இருக்க வேண்டும், சம்ப்பில் அது சேரும் இடம் எண்ணெய் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும்.

குழாய் விட்டத்தில் நான் குறை வைக்கவில்லை. சம்ப்பைக் கழற்றி, சரியான உயரத்தில் துளை போட்டு, வெல்டும் வைத்திருந்தேன். ஆனால் ஏசி கம்ப்ரஸர் பிராக்கெட் குறுக்கே நின்றது. ஹோஸை அதற்கு அடியில் கொண்டுபோய், ஒரு வளைவு கொடுத்து, சம்ப்பில் சேர்த்திருந்தேன். சேரும் இடத்துக்கு முன்னால் ஹோஸ் ஒரு விரல்கடை உயரம் தாழ்ந்து மறுபடி ஏறியது. பார்த்தால் அழகான வளைவு. அந்தப் பள்ளத்தில் எண்ணெய் தேங்கியது. தேங்கியது பின்னுக்கு ஏறி டர்போவின் வயிற்றை நிரப்பியது. நிரம்பியது வளையத்தைத் தாண்டி எக்ஸாஸ்ட்டில் விழுந்தது. பிராக்கெட்டின் ஓரத்தை அரை அங்குலம் அராவி, ஹோஸை நேராக இறக்கினேன். மொத்தம் நாற்பது நிமிட வேலை. எக்ஸாஸ்ட்டில் தங்கியிருந்த எண்ணெய் எரிந்து தீர்ந்ததும் புகை நின்றது.

இரண்டு டர்போவை ஏற்றி இறக்கிய என் முதுகுக்கு அன்று அண்ணன் எதுவும் சொல்லவில்லை. டீசலில் கை கழுவிக்கொண்டே சிரித்தார், அவ்வளவுதான். "டர்போ தானா சாகாது, நாமதான் கொல்றோம்" என்று அவர் அடிக்கடி சொல்வதை அதுவரை மெக்கானிக் பாஷை என்றுதான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பூஸ்ட் (டர்போ கூடுதலாக ஏற்றும் காற்றழுத்தம்) எவ்வளவு, குதிரைத்திறன் எவ்வளவு என்றுதான் பேச ஆரம்பிப்பார்கள். நான் முதலில் கேட்பது கம்ப்ரெஷன் டெஸ்ட், ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்று பார்க்கும் சோதனை. நாலு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் சோர்ந்திருந்தால் அங்கேயே நிறுத்திவிடுவேன். தேய்ந்த ரிங்கைத் தாண்டி இறங்கும் வாயு, பிஸ்டன்களுக்குக் கீழே இருக்கும் கிராங்க்கேஸில் அழுத்தத்தை ஏற்றும். அதுவும் டர்போவின் எண்ணெயை இறங்கவிடாமல் பிடித்துக்கொள்ளும், மறுபடி அதே நீலப் புகை. இந்த வண்டி அதில் தேறியிருந்தது. ஹோஸ் சரியானதும் சந்தேகப்பட வேறொன்றும் மிஞ்சவில்லை.

பொருத்தும் வேலையில் மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். எக்ஸாஸ்ட் குழாய்த் தொகுப்பான மேனிஃபோல்டின் நட்டுகள் சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கித் தானாகக் கழன்றுகொள்ளும், லாக் வாஷர் அவசியம். எண்ணெய்க் குழாய் இணைப்பில் சிலிகோன் பேஸ்ட் வைக்கவே கூடாது. பிதுங்கிய ஒரு துணுக்கு போதும், பேரிங்குக்குப் போகும் வழி அடைபட. முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டித்துவிட்டு, எண்ணெய் அழுத்தம் காட்டும்வரை ஸ்டார்ட்டரால் எஞ்சினைச் சுழற்ற மட்டும் வேண்டும். காற்றுக் குழாய்களை மூடி அழுத்தம் ஏற்றி, சோப்புத் தண்ணீர் தெளித்துக் கசிவு பார்க்க வேண்டும். இவை ஒன்றும் ரகசியமல்ல. அவசரத்தில் விட்டுப்போவதுதான் வழக்கம்.

அப்புறம் டியூனிங். எனக்குப் பிடித்த பகுதி, எனக்குப் பயம் தரும் பகுதியும் அதுதான்.

எஞ்சினை ஆளும் கணினியான தொழிற்சாலை ஈசியூவுக்குப் பூஸ்ட் என்றால் என்னவென்றே தெரியாது. 1 பார் வரை, அதாவது ஏறக்குறைய வெளிக்காற்றின் அழுத்தம் வரை மட்டும் படிக்கும் அழுத்த சென்சார், டர்போ எவ்வளவு தள்ளினாலும் 1 பார் என்றே சாதிக்கும். ஈசியூவும் அதை நம்பிக் குறைவாகப் பெட்ரோல் ஊற்றும். எனவே 3 பார் சென்சார், வேறு ஈசியூ, பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டரும் பெரிதாக. இன்ஜெக்டர் அளவுக்கு நான் போடுவது பேனாக் கணக்குதான். டர்போ எஞ்சின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 270 கிராம் பெட்ரோல் கேட்கும் என்று வைத்துக்கொண்டால், 200 குதிரைத்திறனுக்கு 54 கிலோ. நாலாகப் பிரித்தால் ஆளுக்கு 13.5 கிலோ. இன்ஜெக்டரை 80 சதவீதத்துக்கு மேல் திறந்து வைக்கக் கூடாது என்பதால் ஏறக்குறைய 17 கிலோ, அதாவது நிமிடத்துக்கு 380 சிசி. 440 சிசி போட்டோம். கொஞ்சம் மிச்சம் இருந்தால் தூக்கம் வரும்.

10க்கு 1 கம்ப்ரெஷனில் பூஸ்ட் ஏற்றுவது இன்றைய யோசனை அல்ல. 1962இல் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் 10.25 கம்ப்ரெஷனோடு டர்போ பூட்டிய கார். நாக்கிங்கை, அதாவது கலவை கட்டுமீறி வெடிப்பதைத் தடுக்க வடித்த நீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தை உள்ளே தெளித்தார்கள். அந்தத் தொட்டியை நிரப்ப மறந்த உரிமையாளர்கள் ஏராளம். எங்களிடம் தொட்டி இல்லை. அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும், தீப்பொறி விழும் நேரமான இக்னிஷன் டைமிங்கும்தான் இருந்தன. சரி, பூஸ்ட்டை 0.5 பாரில் நிறுத்துவது என்று வண்டிக்காரரிடம் முதலிலேயே பேசிவிட்டேன்.

வண்டியை நின்ற இடத்திலேயே ஓட்டித் திறனை அளக்கும் டைனோவில் ஏற்றினோம். காற்றும் பெட்ரோலும் கலக்கும் விகிதத்தைக் காட்டும் லாம்ப்டாவை 0.80 பக்கம் வைத்துக்கொண்டேன். அது ரிச்தான். ஆனால் அந்தக் கூடுதல் பெட்ரோல் சிலிண்டரைக் குளிர்விக்கும். இக்னிஷனை நன்றாகப் பின்னுக்கு இழுத்து, பூஸ்ட்டில், பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 12 டிகிரி முன்பு தீப்பொறி விழும்படி ஆரம்பித்தேன். வண்டி சோம்பலாகத்தான் போனது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு டிகிரி முன்னே நகர்த்தினேன். 4500 ஆர்பிஎம்மில் 13க்கு டார்க் (முறுக்கு விசை) நன்றாக ஏறியது, 14க்கும் ஏறியது, 15க்குக் கொஞ்சம். 16க்கு ஒன்றுமே ஏறவில்லை.

பிளாக்கில் போல்ட் செய்த சென்சாரிலிருந்து சத்தம் என் ஹெட்ஃபோனுக்கு வந்துகொண்டிருந்தது. 83 மி.மீ. போர் (உள்விட்டம்) உள்ள சிலிண்டரில் நாக்கிங் ஏறக்குறைய 6.9 கிலோ ஹெர்ட்ஸில் கேட்கும். ஃபில்டரை அங்கே வைத்திருந்தேன். பெரிய நாக்கிங் தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவது போல இருக்கும், எவருக்கும் தெரிந்துவிடும். ஆபத்து சின்னதில் இருக்கிறது. வால்வு சத்தத்துக்கும் இன்ஜெக்டர் டிக்டிக்குக்கும் நடுவே, நகத்தால் தகரத்தை ஒரு முறை சுண்டியது போல. 16 டிகிரி ஓட்டத்தில் அப்படி ஒரு சுண்டல் கேட்டது. கேட்டதா, கேட்டது போல இருந்ததா என்று முதலில் சந்தேகம். மறுபடி ஓட்டினேன். அதே ஆர்பிஎம்மில் இரண்டு. உடனே 14க்கு இறக்கிவிட்டேன்.

இன்னொன்றையும் கவனித்தேன். முதல் ஓட்டத்தில் உள்ளே போகும் காற்று 34 டிகிரி. இடைவெளி விடாமல் ஓட்டிய ஆறாவது ஓட்டத்தில் 58. இன்டர்கூலருக்கு முன்னால் வைத்த ஃபேன், சாலையில் வரும் காற்றுக்கு ஈடாகாது. குளிர்ந்த எஞ்சினில் ஒரே ஓட்டம் ஓட்டி, அந்த எண்ணை அச்சடித்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். வாடிக்கையாளருக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும். நான் சூடான எஞ்சினில்தான் கடைசி மேப்பை, அதாவது ஈசியூவின் அட்டவணையை முடிவு செய்வேன். காற்றின் சூடு 50 டிகிரியைத் தாண்டினால் இக்னிஷன் தானாகப் பின்னே போக இன்னொரு அட்டவணையும் எழுதினேன்.

சக்கரத்தில் 108 குதிரைத்திறனாக இருந்தது 159 ஆனது. வண்டிக்காரர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், இன்னும் ஒரு டிகிரி போட்டா 160ஐத் தாண்டிடுமே?"

"தாண்டும்."

"அப்புறம் என்ன சார்?"

ஹெட்ஃபோனைக் கழற்றி அவர் காதில் மாட்டிவிட்டு, 16 டிகிரி மேப்பில் எடுத்த பதிவை ஓட்டிக் காட்டினேன். இரண்டாம் முறை கேட்டபோதுதான் அவருக்கு அந்தச் சுண்டல் பிடிபட்டது. பிறகு 160ஐப் பற்றி அவர் கேட்கவில்லை. ஒருநாள் வேறெங்காவது போய் ஏற்றிக்கொள்ளக்கூடும் என்று அப்போது தோன்றியது. அதை என்னால் தடுக்க முடியாது.

ஆயிரம் கிலோமீட்டர் கழித்து வரச் சொல்லியிருந்தேன், வந்தார். எஞ்சின் ஆறியதும் மேனிஃபோல்ட் நட்டுகளை டார்க் ரெஞ்சில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இரண்டு நட்டுகள் கால் சுற்று இளகியிருந்தன. அடியில் படுத்து எண்ணெய் ஹோஸைத் தடவிப் பார்த்தேன், காய்ந்து கிடந்தது.

முதலில் கழற்றி வைத்த டர்போ ஒரு மாதம் போலப் பலகையில் கிடந்தது. சீல் போனது என்று என் கையாலேயே மார்க்கரில் எழுதி ஒட்டியிருந்தேன். ஒரு மத்தியானம் அண்ணன் அதை எடுத்துத் தண்டை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார், ஆட்டம் இல்லை. சக்கரத்தை விரலால் தட்டினார், சத்தமில்லாமல் சுழன்றது. சீட்டைக் கிழித்து என் சட்டைப் பையில் வைத்துவிட்டுப் போனார். அடுத்து வந்த வேலையில் அதைத்தான் பொருத்தினேன். இம்முறை டர்போவை வைப்பதற்கு முன்பே கீழே படுத்து, ஹோஸ் இறங்க வேண்டிய வழியைச் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டேன்.