பொரிக்கும் பூரிக்கும் ஒரே முகவரி

அம்மாவின் சமையல் குறிப்புகளை, பைத்தானில் இணையத்தளம் எழுத உதவும் ஜாங்கோவில், ஒரு சின்ன தளமாகப் போட உட்கார்ந்தேன். மாடல், அட்மின், டெம்ப்ளேட் எல்லாம் ஒரே ஞாயிறு மதியத்தில் முடிந்தன. முகவரியிலும் தமிழ் இருக்கட்டுமே என்று ஆசைப்பட்டதுதான் வினை. அதற்கு மூன்று ராத்திரி போயிற்று.

முதலில் முகப்பே எழவில்லை. நோ ரிவர்ஸ் மேட்ச் பிழை, அதாவது லிங்குக்கு முகவரி உண்டாக்க முடியவில்லை என்பது. ரூட்டின் (எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் என்ற விதி) பெயர் சரி, நேம்ஸ்பேஸ் சரி. பிழைச் செய்தியை நிதானமாகப் படித்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்: ஸ்லக் (தலைப்பிலிருந்து உண்டாக்கி முகவரியில் வைக்கும் துண்டு) இருக்கவேண்டிய இடத்தில் வெறும் மேற்கோள் குறிகள். அதை உண்டாக்கும் ஸ்லக்ஃபை, சும்மா விட்டால், தமிழ் எழுத்து அத்தனையையும் துடைத்துவிடும். அலவ் யூனிகோடை ஆன் செய்ததும் அந்தக் குறிகளுக்குள் தமிழ் வந்தது, பிழை மட்டும் போகவில்லை.

சுண்டலின் முகவரியைக் கையால் அடித்துப் பார்த்தால் 404, பக்கம் இல்லை. லாகில் ஒரு தமிழ்க் குறிக்கு ஒன்பது எழுத்து வீதம் சதவீதக் குறிகளாக நீண்டு கிடந்தது. என்கோடிங் கோளாறு என்று நானே முடிவுகட்டி ஒரு ராத்திரியைத் தொலைத்தேன். அவற்றைத் தமிழாக்கும் வேலையை ஜாங்கோவே செய்துவிடுகிறது. குற்றவாளி, ரூட்டில் போட்டிருந்த ஸ்லக் கன்வர்ட்டர், முகவரியில் எந்த எழுத்து வரலாம் என்று பார்ப்பது. அது ஆங்கில எழுத்து, எண், ஹைஃபன், அடிக்கோடு தவிர எதையும் உள்ளே விடாது. ஸ்ட்ரிங் கன்வர்ட்டருக்கு மாறினேன். முகப்பும் எழுந்தது.

உடனே, தமிழிலேயே முகவரி வைத்திருந்த 'புதிய குறிப்பு' பக்கம் 404 ஆனது! ஸ்ட்ரிங், சாய்கோடு தவிர எதையும் விழுங்கும்; ரூட்டுகளில் மேலே இருப்பதுதான் முதலில் பொருந்தும். அந்த ரூட்டை மேலே ஏற்ற வேண்டும். ஜாங்கோ பிழை விவரம் காட்டும் டீபக் பக்கத்தில் ஒன்றைக் கவனியுங்கள்: முயன்ற பேட்டர்ன்களின் பட்டியலுக்கு அடியில் எதுவும் பொருந்தவில்லை என்று வந்தால் ரூட்டே பொருந்தவில்லை. எந்த வியூ (பக்கத்தைத் தயாரிக்கும் நிரல்) எழுப்பியது என்று வந்தால் ரூட் பொருந்திவிட்டது, உள்ளே தேடிய பதிவுதான் இல்லை. இது தெரியாமல் நான் தப்பான கோப்பையே நோண்டிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அம்மா போனில் திறந்து பார்த்துவிட்டு, "ஏன்டா, அடைன்னு போடாம மேல 'அட'ன்னு போட்டிருக்கே?" என்றாள். அட்ரஸ் பாரை நான் பார்க்கவே இல்லை. எழுத்துகளை வடிகட்டும் பைத்தான் ரெகுலர் எக்ஸ்பிரஷனின் கணக்கில் காலும் கொம்பும் புள்ளியும் எழுத்தில் சேராது. ஸ்லக்ஃபை அவற்றை உருவி எறிந்திருந்தது. சுண்டல் 'சணடல'. பொரி, பூரி இரண்டுமே 'பர'. அந்தப் பக்கத்தைத் திறந்தால் இரண்டு பதிவு கிடைத்ததென்று 500, சர்வர் பிழை.

யூனிகோடில் தமிழுக்கென்று உள்ள 128 இடங்களையும் தொடாதே என்று சொல்லி, ஸ்லக்ஃபைக்குப் பதிலாக ஆறு வரியில் நானே ஒன்று எழுதினேன். அட்மினில் சேமித்தால் ஸ்லக் ஃபீல்டும் அதே காரணத்துக்காக 'சுண்டல்' செல்லாது என்கிறது, யூனிகோட் அனுமதி கொடுத்தாலும்கூட. அதைச் சாதாரண கேரக்டர் ஃபீல்டாக்கி, ஒரே மதிப்பு இரண்டு முறை வராதபடி யூனிக் போட்டேன். இந்த மாற்றத்தை டேட்டாபேஸில் ஏற்ற மைக்ரேட் செய்வதற்கு முன் பழைய பதிவுகளையெல்லாம் ஷெல்லில் லூப் ஓட்டி மறுபடி சேமிக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் 'பர' இரண்டும் அங்கேயே மோதும்.

இப்போது எல்லாம் திறக்கிறது. சித்திக்கு வாட்ஸ்அப்பில் போய்விட்ட பழைய 'அட' லிங்குக்கு மட்டும் புதிய முகவரிக்குத் திருப்பிவிடக் கையால் ஒரு ரீடைரக்ட் எழுதி வைத்திருக்கிறேன்.